அரைத்து வைத்த கொத்துக்கறியை நம்பி வாங்கலாமா?

தேன்மொழி கேட்டது:

சந்தையில் தட்டில் குவித்து வைத்திருக்கும் கொத்துக்கறியை வாங்குவதா, துண்டுக் கறியைப் பார்த்து எடுத்து அங்கேயே அரைக்கச் சொல்வதா? "ரெண்டும் ஒரே கறிதானே, நல்லா வேகவெச்சா சரியாப் போச்சு" என்று சொல்பவர்கள்தான் அதிகம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அரைத்த கறியில் கிருமி அதிகம் என்பது உண்மையா, உண்மையென்றால் எதனால்? மேலே சிவப்பாக இருக்கும் கைமாவைப் பிரித்தால் உள்ளே பழுப்பாக இருக்கிறதே, பழைய கறியைக் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தமா? முகர்ந்து பார்த்து நாற்றம் இல்லையென்றால் வாங்கலாம்தானே? ப்ரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்? உருண்டை பிடித்துப் பொரிக்கும்போது உள்ளே சிவப்பு மறைந்தால் வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஐந்து வயது நிரம்பாத குழந்தையும் சாப்பிடும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

---

நுண்ணோக்கி:

நோயில்லாத விலங்கின் தசைக்குள் பாக்டீரியா அநேகமாக இருக்காது. தோல், குடல், அறுப்பவர் கை, கத்தி, மேசை, கழுவும் தண்ணீர் ஆகியவற்றிலிருந்து வருவதுதான் எல்லாமே. அது இறைச்சியின் வெளிப்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. முழுத் துண்டைச் சமைக்கும்போது முதலில் சூடேறுவதும் அந்த வெளிப்பரப்புதான். எனவே நடுப்பகுதி சற்று வேகாமல் போனாலும் ஆபத்து குறைவு.

அரைத்த மறுநொடி இது மாறிவிடுகிறது. வெளியில் ஒட்டியிருந்தது நடுவுக்குப் போய்விடும், கடைசியாகச் சூடேறும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தசைநார் கிழிந்து கசியும் சாறு பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. உராய்வில் கறியின் வெப்பமும் ஏறுகிறது. இத்தோடு நிற்பதில்லை: பல விலங்குகளின் ஓரச் சீவல்களும் மிச்சத் துண்டுகளும் ஒரே குவியலில் சேர்ந்து அரைபடுகின்றன. அவற்றில் ஒன்றில் கிருமி இருந்தாலும் குவியல் முழுக்கப் பரவிவிடும்.

வேகத்தைப் பாருங்கள். குடலில் வாழும் ஈ.கோலி என்ற பாக்டீரியா உடல் வெப்பத்துக்கு அருகில், அதாவது 37 டிகிரி செல்சியஸில், சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு கிராமில் 100 இருந்தால் 3 மணி நேரத்தில் 9 முறை இரட்டித்து 51,200 ஆகிறது. இது காகிதக் கணக்கு. நிஜத்தில் தொடக்கத்தில் சற்று நேரம் பெருகாமல் நிற்கும் ஒரு மந்தக் கட்டம் உண்டு, 30 டிகிரியில் வேகமும் குறையும். ஆனாலும் வெயில் ஏறும் நேரத்தில் திறந்த தட்டில் கிடக்கும் கைமா எந்தத் திசையில் போகிறது என்பதில் சந்தேகமில்லை. 5 டிகிரிக்குக் கீழே ஈ.கோலியும் சால்மோனெல்லாவும் வளர்வது நின்றுவிடும் (சாவதில்லை). லிஸ்டீரியா மட்டும் ப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும்.

மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். நாற்றம் தருபவை சூடோமோனாஸ் போன்ற கெடுக்கும் பாக்டீரியாக்கள். ஒரு கிராமில் ஏறத்தாழ ஒரு கோடி சேர்ந்தால்தான் வாடை தெரியும், பத்துக் கோடியை எட்டும்போது பிசுபிசுப்பு வரும். நோய் தரும் ஈ.கோலி ஓ157:எச்7 வகையோ நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே போதும், வாடையே இருக்காது. நாற்றம் அடித்தால் வாங்காதீர்கள். அடிக்கவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உள்ளே பழுப்பு நிறம் தெரிவது பெரும்பாலும் இயல்பானது. மயோகுளோபின் என்ற நிறமி நிறையக் காற்றுப்படும் மேற்பரப்பில் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். காற்று மிகக் குறைவாகவே எட்டும் உட்பக்கத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகும். மேற்புறமும் உட்புறமும் ஒருசேரப் பழுப்பாகி, தொட்டால் வழவழக்கிறது, வாடையும் இருக்கிறது என்றால்தான் பழசு. உண்மையில் நான் அதிகம் சந்தேகப்படுவது மறுபக்கத்தை: மணிக்கணக்கில் திறந்து கிடந்தும் நிறம் மங்காமல் செக்கச்செவேல் என்றிருக்கும் கைமா. சல்ஃபைட் உப்பு தூவினால் அப்படி நிற்கும். வயதை மறைக்கும் என்பதாலேயே பல நாடுகள் அதைப் பச்சை இறைச்சியில் தடை செய்துள்ளன. சல்ஃபைட் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலையும் தூண்டக்கூடும்.

குழந்தை இருப்பதாகச் சொன்னதால் ஓ157 பற்றி இன்னும் கொஞ்சம். மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் குடலில் அவற்றுக்கு நோய் எதுவும் தராமல் இது வாழ்கிறது. மனிதருக்கு நோய் தரும் கிருமியாக 1982-ல் அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்டது, அதுவும் அரைத்த மாட்டிறைச்சி வழியாகத்தான். 1993-ல் அங்கே ஒரு துரித உணவுச் சங்கிலியின் வேகாத பர்கர்களால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்று 4 குழந்தைகள் இறந்தனர். அடுத்த ஆண்டே பச்சையான அரைத்த மாட்டிறைச்சியில் ஓ157 இருந்தால் அது விற்பனைக்குத் தகாத கலப்படப் பொருள் என்று அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. இது சுரக்கும் ஷிகா நச்சு சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. பொதுவாகச் சாப்பிட்ட 3, 4 நாளில் வயிற்றுவலியோடு பேதி, பிறகு அதில் ரத்தம். ரத்தம் தெரிந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ தானாகக் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். அவை சிறுநீரகப் பாதிப்பின் அபாயத்தைக் கூட்டக்கூடும்.

கோழிக் கைமாவில் கவலை வேறு: அங்கே சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர்.

---

அரவைக்கூடம்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. மிஷின் பக்கத்தை நான் சொல்றேன், ஏன்னா கண்ணெதிரே அரைச்சா போதும்னு நினைக்கிறவங்க கோட்டை விடறது அங்கதான்.

கைமா மிஷினோட தலைப்பகுதியில திருகு, நாலு இதழ் கத்தி, ஓட்டைத் தட்டு, முன்னாடி இறுக்குற மரை வளையம் இருக்கும். கடைசித் துண்டு உள்ளே போன பிறகும் தட்டுக்குப் பின்னாடியும் திருகோட அடியிலயும் கறி தங்கிடும். நீங்க தேடிப் பிடிச்சு வாங்கின நல்ல துண்டு முதல்ல வெளியே தள்ளுறது அந்த மிச்சத்தைத்தான். காலையில இருந்து கழுவாம வெளிச் சூட்டுல ஓடுற மிஷின்னா அந்த மிச்சத்துக்குப் பல மணி நேர வயசு.

அதனால கறியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தட்டோட ஓட்டைகளைப் பாருங்க. ஓரத்துல காய்ஞ்ச பழுப்புப் பொருக்கு, ஓட்டைக்குள்ள வெளுத்த கொழுப்பு, வாய்ப்பக்கம் புளிச்ச வாடை, இதுல ஒண்ணு இருந்தாலும் அரைக்கச் சொல்லாதீங்க. துண்டாவே வாங்கிக்கிட்டுப் போங்க. அரைக்கப் போற துண்டு குளிர்ப்பெட்டியில இருந்து வருதா, கொக்கியில தொங்கினதை அறுத்துப் போடறாங்களா? கோழியையும் மத்த கறியையும் நடுவுல கழுவாம ஒரே மிஷின்ல விடறாங்களா? உள்ளே தள்ளுற கட்டை மரமா, விரிசல் விட்டிருக்கா? காசு வாங்கின கையே கறியையும் அள்ளுதா? இதெல்லாம் ஒரு நிமிஷம் நின்னு பார்த்தாலே தெரிஞ்சிடும்.

மிஷின் வெச்சிருக்கிறவங்க இங்கே இருந்தா அவங்களுக்காகக் கழுவற முறை. முதல்ல மின்சாரத்தை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிடணும். வளையம், தட்டு, கத்தி, திருகு, தலை எல்லாத்தையும் தனித்தனியா கழட்டணும். சேர்த்து வெச்சபடியே தண்ணி ஊத்தறது கழுவறதே இல்லை. ஒட்டினதைச் சுரண்டிட்டு முதல் அலசல் பச்சைத் தண்ணியில அல்லது வெதுவெதுப்பான தண்ணியில. எடுத்த எடுப்பிலேயே கொதிதண்ணி ஊத்தினா புரதம் வெந்து உலோகத்துல படலமா ஒட்டிக்கும், அப்புறம் தேய்ச்சாலும் போகாது. அடுத்து கை பொறுக்கிற சூட்டுல சோப்புத் தண்ணி, ஓட்டை ஓட்டையா நுழையற குச்சி பிரஷ், வளையத்தோட மரைக்கு ஒரு தனி பிரஷ். நல்லா அலசி சோப்பு போன பிறகுதான் குளோரின்: 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட்டுல லிட்டருக்கு 2 மி.லி. விட்டா 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) வரும். முழுசா முங்கி 2 நிமிஷம் இருந்தா போதும். கொழுப்போ கறியோ ஒட்டியிருந்தா குளோரின் அதுகூடவே தீர்ந்துபோயிடும், அதனால வரிசையை மாத்தாதீங்க. வினிகர், எலுமிச்சை மாதிரி புளிப்பு எதையும் குளோரினோட சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். அப்புறம் துணியால துடைக்காம கவுத்து வெச்சு காத்துல உலர விடுங்க. அறை குளிரூட்டப்படலைன்னா 4 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்யணும்.

அரைக்கும்போது கறி 0 முதல் 2 டிகிரிக்குள்ள இருக்கணும், துண்டு 3 செ.மீ.க்கு மிகாம வெட்டியிருக்கணும். முதல் சுத்து 8 மி.மீ. தட்டு, ரெண்டாவது 4 மி.மீ. நூல் நூலா தனித்தனியா விழுந்தா நல்ல அரவை. களி மாதிரி பிசுபிசுன்னு வந்தா, தட்டு மேல வெள்ளையா கொழுப்பு இழுகினா, நிறுத்திடுங்க. ஒண்ணு கத்தி மழுங்கியிருக்கும், இல்லைன்னா சவ்வு கத்தியில சுத்தியிருக்கும், இல்லைன்னா கத்தியைத் திருப்பிப் போட்டிருப்பாங்க (தட்டையான முகம் ஓட்டைத் தட்டைப் பார்த்து இருக்கணும்). களியா வர்ற கறி சூடேறின கறி, அது சீக்கிரம் கெடும்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கூடத்துல அரைச்ச கைமாவை உடனே பொட்டலம் கட்டி 2 டிகிரிக்கு மேல போகாம வெக்கணும், இல்லைன்னா உறைய வெக்கணும். திறந்த தட்டு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு இதை வெச்சே புரிஞ்சுக்கலாம்.

---

மணிமாறன்:

இவ்வளவு பயப்படத் தேவையில்லை. கைமாவை வினிகர் கலந்த தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்தால் கிருமி போய்விடும்.

---

செவ்வந்தி:

மணிமாறன் அண்ணா, அது உதவாது. கைமாவில் கிருமி இழைகளுக்கு நடுவில், கொழுப்புக்குள் இருக்கிறது. வீட்டு வினிகர் தண்ணீர் மேலாக நனைப்பதோடு சரி. ஓ157 புளிப்பை ஓரளவு தாங்கும் வகை வேறு. அலசும்போது தெறிக்கும் துளி தொட்டி, குழாய்ப்பிடி, பக்கத்தில் வைத்த பச்சைக் காய் என்று எல்லா இடத்துக்கும் போகிறது. துண்டுக் கறியாக இருக்கும்போது மேற்பரப்பைச் சுத்தம் செய்யலாம், அரைத்த பின் முடியாது. கிருமியைக் கொல்வது வெப்பம் மட்டுமே, அதற்கு அளவு இருக்கிறது.

நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், கோழிக் கைமா என்றால் 74. பிரிட்டன் இதையே நேரத்தோடு சேர்த்துச் சொல்கிறது: 70 டிகிரியில் 2 நிமிடம். அதற்கு ஈடாக 65-ல் 10 நிமிடம், 75-ல் 30 விநாடி, 80-ல் 6 விநாடி.

தேன்மொழி, சிவப்பு மறைவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழுப்பேறிய நிறமியோடு இருக்கும் கைமா 71-ஐ எட்டும் முன்பே, சில நேரம் 55 டிகிரியிலேயே, வெந்தது போலப் பழுப்பாகிவிடும். எதிர்மாறாக, வெங்காயம் போன்ற காய் சேர்த்த உருண்டை முழுக்க வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே நிற்கலாம். காயிலுள்ள நைட்ரேட்டின் வேலை அது. நுனியில் உணரும் மெல்லிய டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பக்கவாட்டில் செருகி நுனி நடுவில் நிற்க வேண்டும். வட்ட முகப்பு வைத்த பழைய வகை தண்டில் பல செ.மீ. நீளத்துக்கு உணர்வதால் உருண்டைக்குச் சரிவராது. நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் அது 0 காட்டுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோமீட்டர் வரும்வரை உருண்டையை 3 செ.மீ.க்கு மேல் பெரிதாகப் பிடிக்காதீர்கள். பொரித்ததோடு விடாமல் கொதிக்கும் குழம்பில் போட்டு மூடி 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். உதிர்த்து வதக்கும் கைமா அவ்வளவு கவலைக்குரியதல்ல, கட்டியை உடைத்துக் கிளறினாலே எல்லா இடமும் சூடேறிவிடும். சிக்கல் வருவது உருண்டை, அடைத்த பண்டம், கம்பியில் தடிமனாகப் பிடித்துச் சுடும் கபாப் ஆகியவற்றில்தான். அதிலும் ப்ரீசரிலிருந்து எடுத்து நேராக எண்ணெயில் போட்டால் வெளியே கருகும், நடுவில் இன்னும் பனிக்கட்டி இருக்கும்.

இன்னொன்று, உப்பு பார்க்கப் பச்சைக் கைமாவை நாக்கில் வைக்கும் பழக்கம். கிண்ணத்தில் பிசைந்துகொண்டே ஒரு துளி நாக்கில் வைத்தாலும் மேலே நுண்ணோக்கி சொன்ன அந்த நூறு அதில் இருக்கலாம். சுண்டைக்காய் அளவு கிள்ளித் தட்டி, வாணலியில் வாட்டி, அதைச் சாப்பிட்டு உப்பு பாருங்கள்.

சேமிப்பு: வாங்கி 2 மணி நேரத்துக்குள் குளிரில் போய்ச் சேர வேண்டும், வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான். சந்தையில் கைமாவைக் கடைசியாக வாங்குங்கள். ப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே, அடித்தட்டில், கசியாத டப்பாவில் 1 அல்லது 2 நாள். எப்போது அரைத்தது என்றே தெரியாத கறி என்றால் அன்றே சமைத்துவிடுங்கள். ப்ரீசரில் மைனஸ் 18-ல் 3, 4 மாதம் சுவை கெடாமல் இருக்கும். ஒரு கிலோ உருண்டையாக உறைய வைக்காமல் 250 கிராம் வீதம் 2 செ.மீ. கனத்தில் தட்டையாகப் பரப்பிக் கட்டுங்கள். சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். உறைவது பாக்டீரியாவை நம்பும்படி கொல்லாது, வளர்ச்சியை நிறுத்தி வைக்கும், அவ்வளவே. உருக்குவது ப்ரிட்ஜுக்குள் அல்லது கசியாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் (30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றி). மேடையில் வைத்து உருக்கினால் ஓரம் அறைச்சூட்டுக்கு வந்த பின்னும் நடு உறைந்தே கிடக்கும்.

சமைத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கும். பெரிய பாத்திரக் குழம்பு மெல்ல ஆறும்போது 43 முதல் 47 டிகிரிப் பகுதியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் அளவு வேகமாக முளைத்து வளரும். எனவே 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாத அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி ஆற வையுங்கள். 57-லிருந்து 21-க்கு 2 மணி நேரத்தில், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும். மறுசூடு 74. கையிலிருந்து வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஏற்கெனவே நச்சைச் சுரந்துவிட்டிருந்தால் மறுபடி கொதிக்க வைத்தும் அந்த நச்சு அழியாது. இரவெல்லாம் வெளியே இருந்ததைக் கொதிக்க வைத்துக் காப்பாற்ற முடியாது, கொட்டிவிடுங்கள்.

---

தேன்மொழி:

மிக்க நன்றி. நிறம், மூக்கு இரண்டையும் நம்பித்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. இரண்டு துணைக் கேள்விகள். துண்டாக வாங்கி வீட்டு மிக்ஸியில் அரைத்தால் சிக்கல் தீருமா? ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தால் அறிக்கையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

---

செவ்வந்தி:

மிக்ஸியில் அரைத்தால் பழைய மிச்சம் கலப்பதும் காத்திருக்கும் நேரமும் இல்லாமல் போகும், அது பெரிய லாபம். மேற்பரப்பில் உள்ளது நடுவுக்குப் போவது மட்டும் மாறாது, 71 டிகிரி அப்படியே பொருந்தும். முழுத் துண்டைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, ஐஸ் நீரில் ஆற்றி, ஈரம் ஒற்றி எடுத்துவிட்டு அரைத்தால் மேற்பரப்புக் கிருமி கணிசமாகக் குறையும், முழுக்கப் போகாது. ஜாரை நிரப்பாமல், கறி சில்லென்று இருக்கும்போதே 3, 4 விநாடி வீதம் விட்டு விட்டு ஓட்டுங்கள். கத்திக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் கறி தங்கும். வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள்.

---

நுண்ணோக்கி:

ஒரே ஒரு பொட்டலத்தைச் சோதிப்பதால் பயன் குறைவு, கிருமி சீராகப் பரவியிருக்காது. ஐரோப்பிய ஒன்றிய அளவுகோல் ஒரு தொகுதிக்கு 5 மாதிரி கேட்கிறது. மொத்த பாக்டீரியா எண்ணிக்கை கிராமுக்கு 5 லட்சத்துக்குள் இருந்தால் நல்லது. அதிகபட்சம் இரண்டு மாதிரிகள் மட்டும் 5 லட்சத்துக்கும் 50 லட்சத்துக்கும் இடையில் வரலாம், எதுவுமே 50 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஈ.கோலிக்கு அதே முறையில் கிராமுக்கு 50, 500 என்பவை அந்த இரண்டு எல்லைகள். சமைத்து உண்ணும் கைமாவில் சால்மோனெல்லா 10 கிராமில் இருக்கக் கூடாது, கோழியென்றால் 25 கிராமில்.

மொத்த எண்ணிக்கை மட்டும் எகிறி ஈ.கோலி குறைவாக இருந்தால் குளிரிலோ நேரத்திலோ மிஷினிலோ கோளாறு. ஈ.கோலி எகிறினால் குடல் அசுத்தம் பட்டிருக்கிறது, அறுக்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் எகிறினால் பெரும்பாலும் ஆளின் கை.

ஒரு எச்சரிக்கை. அறிக்கையில் "ஈ.கோலி 10-க்கும் குறைவு" என்று இருப்பதைப் பார்த்து ஓ157 இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கமான எண்ணிக்கைச் சோதனை பீட்டா குளுக்குரோனிடேஸ் என்ற நொதியை வைத்து 44 டிகிரியில் நிறம் காட்டும். ஓ157:எச்7-இடம் அநேகமாக அந்த நொதி இல்லை, 44 டிகிரியில் சரியாக வளர்வதும் இல்லை. அதற்கு 25 கிராமைத் தனியாகச் செறிவூட்டி (அதாவது கிருமியைப் பெருகவிட்டு), காந்த மணிகளால் பிரித்தெடுக்கும் ஐஎஸ்ஓ 16654 சோதனையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

---

அரவைக்கூடம்:

மாதிரி எடுக்கறதுல ஒண்ணு சேர்த்துக்கோங்க. முதலாவதை மிஷின் ஓடத் தொடங்கினதும் விழற முதல் பிடியில இருந்து எடுங்க, அடுத்ததை நடுவுல, கடைசியை மதியம் தட்டுல மிச்சம் கிடக்கிறதுல இருந்து. சுத்தமான கரண்டி, மூடுற பை, ஒவ்வொண்ணும் 100 கிராமுக்குக் குறையாம. ஐஸ் பெட்டியில வெச்சு, ஆனா உறைய விடாம, 24 மணி நேரத்துக்குள்ள ஆய்வகத்துல சேர்த்துடுங்க. முதல் பிடியில மட்டும் எண்ணிக்கை கூடுதலா வந்தா ராத்திரி மிஷினைக் கழட்டிக் கழுவலைன்னு அர்த்தம்.